உளுந்துக்குள் கரிசல் கட்டி

என் கணவருக்கு உளுந்து வியாபாரம் தொழில். மெஷின் செய்வது கிறுக்கு. விருதுநகரில் மூட்டைகள் அடுக்கும் எங்கள் கிட்டங்கிக்குப் பின்னால் நாலைந்து ஆடுகள் வளர்க்கிறோம். அவை சீக்கிரம் கறி பிடிக்க வேண்டும் என்று ஒருமுறை தானாகச் சுற்றும் தீவனத் தொட்டி ஒன்றைச் செய்தார். தொட்டி நன்றாகவே சுற்றியது. ஆடுகள்தான் பயந்துபோய் மூலையில் ஒண்டிக்கொண்டு, பட்டினி கிடந்து இளைத்தன. நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆளில்லை. தெருவுக்கே கேட்கும்படி சிரித்தேன்.

போன அறுவடையில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. மழை பெய்து ஈரம் காயாத காட்டில் அறுத்த உளுந்து கரிசல் மண்ணோடு வந்து சேர்ந்தது. மண் காய்ந்து பொடிக் கட்டிகளாகி, உளுந்தின் அளவிலேயே, உளுந்தின் கறுப்பிலேயே இருந்தது. சலித்தால் இரண்டும் சேர்ந்தே விழும், தூற்றினாலும் பிரியாது. அப்பளத்துக்கு உளுந்து வாங்கும் மில்லில் லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல்லில் மண் கடிபட்டால் அப்பளத்தை யார் வாங்குவார்கள்? சுத்தம் செய்து வைத்தால் இன்னொரு தடவை வந்து பார்ப்பதாக மட்டும் சொன்னார்கள்.

மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு நான்தான் போன் போட்டேன். இவரைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். அண்ணன் சம்மதித்தார். இவர் சண்டை போடுவார் என்று பார்த்தால், இந்த லோடு போகவில்லையென்றால் கிட்டங்கியைக் காலி செய்துவிட்டுப் போய்விடலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இவர் அப்படி அடங்கிப்போனது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அதற்குள் ஒரு கை பார்த்துவிடலாம் என்று சிவகாசிக்குப் போனார். அச்சகத்தில் கழித்துப்போட்ட உருளைகள் இரண்டை வாங்கி, புது ரப்பர் போட்டுக் கொண்டுவந்தார். நடுவே உளுந்தை விட்டால் மண்கட்டி நொறுங்கும், உளுந்து முழுசாக வரும் என்பது அவர் கணக்கு. முதல் மூட்டையில் மண்ணும் நொறுங்கியது, உளுந்தும் உடைந்தது. அடுத்த மூட்டையும் அப்படியே. மண் போகச் சலித்த குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆடுகளுக்குப் போட்டேன். தொட்டிக்கு வளராத ஆடுகள் அவருடைய தோல்வியைத் தின்று தளதளவென்று ஆகிவிட்டன.

மில்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், உருளைகளை நெருக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அப்போது அண்ணனின் போன் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாயிற்றாம். ஸ்பேனரும் கையுமாகக் குனிந்திருந்த மனுஷனைப் பார்த்தேன். இவர் அந்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேண்டாம் என்றேன். லோடை எடுத்துக்கொண்டார்களா என்று அண்ணன் கேட்டார்.

“இன்னும் பாக்கவே இல்லண்ணே. எடுத்தாலும் எடுக்காட்டியும் இவுக இங்கனதான் இருப்பாக.”

போனை வைத்தேன். அவர் நிமிர்ந்து, “இதுவும் சரியா வரலன்னா?” என்றார்.

“வரலன்னா இன்னொண்ணு செய்யுங்க.”

ஸ்பேனரை வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டு, உளுந்தைச் சரித்தார். நான் உருளைகளுக்குக் கீழே கையை நீட்டினேன். மண் மாவாகப் பறந்து முகத்தில் அப்பியது. உளுந்து முழுசு முழுசாக உள்ளங்கையில் விழுந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து அடுத்த மூட்டையைத் தூக்கினோம்.