தோல்வியே காணாதவர் என்றார்கள்

என் கணவர் ஒரு காலத்தில் மாநிலக் குத்துச்சண்டை சாம்பியன். திருச்சுழியில் எங்கள் கடைக்கு மோட்டார் பம்புக்குச் சாமான் வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மூக்கு நேராக இருக்கிறது. முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. ஆளும் ஒல்லி. நான் சொல்லி அவர்கள் சிரிக்கும்போது அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

அவர் ஜெயித்த இறுதிப் போட்டியை யாரோ அந்தக் காலத்திலேயே வீடியோ எடுத்திருந்தார்கள். அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் அதைத் தேடிப் பிடித்து செல்போனுக்கு அனுப்பினார். எதிராளி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். ரிங்குக்குள் ஏறும்போதே கயிற்றைத் தாண்டிக் குதிக்கிறார். இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, "அடி பாப்போம்" என்று தாடையை நீட்டுகிறார். கூட்டம் அவர் பேரைச் சொல்லிக் கத்துகிறது. எங்கள் வீட்டுக்காரர் இடது கையால் ஒரு குத்து விடுகிறார், விலகுகிறார். மறுபடி ஒரு குத்து, மறுபடி விலகல். "ஓடாதலே" என்று கூட்டத்தில் யாரோ கத்துவது கேட்கிறது. கடைசியில் பாயிண்ட்டில் இவர் ஜெயிக்கிறார். கைதட்டல் எதிராளிக்குத்தான். உண்மையைச் சொன்னால், முதல் தடவை பார்த்தபோது பாதியிலேயே எழுந்து நான் உலை வைக்கப் போய்விட்டேன்.

அந்த வெற்றிக்குப் பிறகு மாமனார் படுக்கையில் விழ, இவர் கிளவுஸைக் கழற்றிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார். இவர் விட்டுப்போன பட்டத்தை அடுத்தடுத்த வருடங்களில் அந்த ராமநாதபுரத்துக்காரர் வாங்கினார். குத்துச்சண்டை தெரிந்தவர்கள் இன்றைக்கும் பேசுவது அவருடைய ஆட்டங்களைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் இவருடைய சேக்காளிகள் கூடுவார்கள். செல்போனில் வெளிநாட்டுச் சண்டைகளைப் போட்டுப் பார்த்துவிட்டு விவாதம் நடக்கும். யார் பெரிய ஆள்? விழுந்து எழுந்து, ரத்தம் ஒழுக ஆடி, ஜெயித்தாலும் தோற்றாலும் ஜனத்தை எழுந்து நிற்க வைத்தவரா? அடியே வாங்காமல், ஒரு சண்டைகூடத் தோற்காமல், பார்க்கிறவர்களைக் கொட்டாவி விட வைத்தவரா?

"பாக்குறவனுக்கு உடம்பு சிலிர்க்கணும்லே. அவன்தான் சாம்பியன்" என்பார் ஒருவர்.

"ஜெயிச்சவுகதான சாம்பியன்? சிலிர்க்கணும்னா கரகாட்டம் பாக்கப் போங்க" என்பேன் நான், கல்லாவில் இருந்தபடி.

"மதினி, அண்ணன் ஆடுன ஃபைனலப் பாத்தா எனக்குத் தூக்கம்தான் வருது" என்றார் அவர் ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்தான் அதிகமாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானும் உலை வைக்க எழுந்து போனவள்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

போன வருடம் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை மேடை திறந்தார்கள். விழாவுக்கு வரச்சொல்லி இவருக்கு அழைப்பு வந்தது. மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். பாலவனத்தத்தில் இருக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் போன் போட்டேன். மல்லாங்கிணற்றில் இருக்கும் என் நாத்தனாருக்கும் சொன்னேன். "இப்பவாவது தெரியட்டும், இவுக யாருன்னு" என்று அக்காவிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

பள்ளி வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் முழு உயரத்துக்கு நின்றவர் அந்த ராமநாதபுரத்துக்காரர். என் கணவரின் படம் அடியில், வரவேற்புக் குழுவினரோடு, ஸ்டாம்ப் அளவில் இருந்தது. எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

சிறப்பு விருந்தினரான அந்த ராமநாதபுரத்துக்காரரை அவருடைய மனைவி கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். நல்ல ஆகிருதி, வெள்ளைச் சட்டை. தொகுத்துப் பேசியவர் குரலை உயர்த்தினார்: "மேடையில் தோல்வியே காணாத மாவீரர்."

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "அது பொய்" என்றேன். "இவரு தோத்திருக்காரு. எங்க வீட்டுக்காரருகிட்ட. வீடியோ இருக்கு."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "உக்காரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதற்குள் மேடையில் இருந்தவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

பேச வெகுநேரம் ஆனது அவருக்கு. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. பிறகு, நாக்கு தடித்தவர் போல, "ஆமா... தங்கச்சி சொல்றது... ஆமா" என்றார். கூட்டத்தில் என் கணவரைத் தேடிக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொங்கப் போட்டு, தாடையை முன்னால் நீட்டினார். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அந்த உற்சாகத்தில் காலை மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஆடப் போனவர், பக்கவாட்டில் சாய்ந்தார். மனைவி ஓடிவந்து தோளைக் கொடுத்தார். அதுவும் வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த எனக்கு அது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது. உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் கூசியது.

விழா முடிந்து தலைமையாசிரியர் அறையில் டீ கொடுத்தார்கள். என் கணவர் நேரே அந்த ராமநாதபுரத்துக்காரரிடம் போய் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் இவருடைய கையைப் பிடித்தவர் விடவேயில்லை. டீயை அந்த அம்மா ஆற்றி, பாதி தம்ளருக்கு ஊற்றி, அவர் வாயருகே பிடித்தார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. டீ கொடுத்து முடித்து அந்த அம்மாவே என்னிடம் வந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா. தெரியாமப் பேசிட்டேன்" என்றேன்.

"நீங்க சொன்னதுல என்ன தப்பு? இவுகளே சொல்லுவாக, அந்த ஒரு ஆளத்தான் என்னால தொடவே முடியலன்னு." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்டுக்காரவுகளுக்கும் இவுக மாதிரித் தலைவலி வருமா? கோவம் வருமா? வெளிய போனா வீட்டுக்கு வழி தெரிஞ்சு வந்துருவாகளா?"

தினமும் கம்ப்யூட்டர் இல்லாமலே மனக்கணக்காகப் பில் போடுகிறவர் என் கணவர். எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"அவுகளுக்கும் மறதி வருதுக்கா. தலைவலியும் உண்டு" என்றேன்.

அவர் திரும்பி என் கணவரைப் பார்த்தார். இவர் அங்கே ஏதோ பழைய பேரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் கையை லேசாக அழுத்தினார். "எனக்காகப் பொய் சொல்லாதீக. நல்லா இருக்காகன்னா சந்தோசம்தான" என்றார்.

விழாவில் கத்தியதைவிட அந்தப் பொய்தான் என்னை அதிகம் குறுக வைத்தது. இரக்கப்படுகிறேன் என்று நினைத்து அந்த அம்மாவை ஒன்றும் தெரியாதவராக ஆக்கியிருந்தேன்.

வெளியே வந்தால் அக்கா காத்திருந்தாள். "சரியான கேள்வி கேட்டடி. நாக்கைப் புடுங்குற மாதிரி" என்றாள். அத்தான் தலையை ஆட்டினார். நாத்தனார் அந்த வீடியோவைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள். அவர்கள் பஸ் ஏறும்வரை என்னைப் பாராட்டியதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நாங்கள் பைக்கில் திரும்பினோம். சாலையின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அனல் காற்று முகத்தில் அறைந்தது. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"என் மேல கோவமா?"

"இல்ல."

"நீங்க ஜெயிச்சத நாலு பேரு தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன். பாயிண்ட்டுல முறையா ஜெயிச்சீக."

அவர் வேகத்தைக் குறைத்தார். "பாயிண்ட்டுன்னா என்னன்னு நெனச்ச?" என்று கேட்டார். "அவன் தலையில நான் அடிச்ச அடிதான். அவன் தாடையக் காட்டிக்கிட்டே இருந்தான், நான் அடிச்சுக்கிட்டே இருந்தேன். அவன் பெறகு எத்தனையோ பேருகிட்ட வாங்கியிருப்பான். ஆனா நானும்தான் அடிச்சேன்."

அடி வாங்காமல் ஜெயித்தார் என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டவள் நான். அடித்தது எங்கே விழுந்தது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

இப்போது வாரம் ஒருமுறை இவர் அந்த ராமநாதபுரத்துக்காரருக்குப் போன் செய்கிறார். அந்தப் பக்கம் அந்த அம்மா எடுத்துக் கொடுப்பார். ஒரே கதையை அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் போலும். இவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிக்கிறார். பேசி முடிக்கும்முன் அந்த அம்மா சில சமயம் என்னைக் கேட்பார். "நல்லா இருக்கீகளா?" என்பார். "நல்லாருக்கோம்க்கா" என்று உண்மையைச் சொல்கிறேன். அதைச் சொல்லும்போதும் குரல் தாழ்ந்துதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விவாதம் இன்னும் நடக்கிறது. போன வாரம், தூக்கம் வருகிறது என்று சொன்ன அந்தச் சேக்காளி, "மதினி ஏன் இப்பல்லாம் வாயத் திறக்க மாட்டேங்கிறாக?" என்றார். கடைக்கு வந்த ஒருவர் வாஷர் கேட்டார். நான் எழுந்து எடுக்கப் போனேன்.