வட்டம் போட்ட இடம்

அந்தோணிராஜ் ஒரு வாரமாக ரேடியேஷனுக்கு வரவில்லை என்று டாக்டர் வனஜா சொன்னபோது, காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ள மாலை வரை ஆனது.

பெங்களூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஆண்டுகளில் நானும் வனஜாவும் ஓர் ஆய்வு செய்தோம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிகிச்சை பலிக்குமா என்று திசுவுக்குள் தண்ணீர் நகர்வதை அளக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் பாதி வழியிலேயே கணிக்க முடியுமா என்பது கேள்வி. கட்டியில் செல்கள் நெருக்கியடித்து இருந்தால் தண்ணீர் நகர இடமிருக்காது, ஏ.டி.சி. என்ற எண் குறைவாக இருக்கும். செல்கள் சாகச் சாக எண் ஏறும். ஸ்கிரீனில் கட்டியின் மேல் வட்டம் போட்டால் கம்ப்யூட்டர் எண்ணைச் சொல்லும். வட்டத்தை எங்கே போடுவது என்பது நம் கையில். அதனால் இருவரும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட வேண்டும், நோயாளியிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று விதி வைத்தோம். விதியை எழுதியவன் நான்.

அந்தோணிராஜ் கோலார் தங்கவயல்காரர். பெங்களூரில் ஈஜிபுராவில் குடியிருந்தார். ஓசூர் ரோட்டில் அத்திபெலேயில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. தமிழ், கன்னடம், உருது என்று நாள் முழுக்க டிரைவர்களிடம் போனில் கத்துவதுதான் பிழைப்பு. குரல்வளையில் கட்டி. ரேடியேஷனும் கீமோவும் பலிக்காவிட்டால் குரல்வளையை எடுக்க வேண்டும். சிகிச்சையின் நடுவில் எடுத்த ஸ்கேன் முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்தவர், நான் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார், நீங்களாவது தமிழ்ல சொல்லுங்க. எல்லாரும் வெயிட் பண்ணு, வெயிட் பண்ணுன்றாங்க. என் கொரலு நிக்குமா, பூடுமா?”

வனஜா அன்று லீவு. நான் மட்டும் வட்டம் போட்டிருந்தேன். எண் நன்றாக ஏறியிருந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மருந்துக்கு நல்லா கேக்குது. கட்டி அடங்குது,” என்றேன்.

“அப்ப நான் வேலைக்குப் போவலாம்,” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன்.

அவர் வராத சேதி வந்த அன்று மாலை, வனஜா அதே ஸ்கேனில் தன் வட்டத்தைப் போட்டார். எண் ஏறவே இல்லை. கட்டியின் நடுப்பகுதி அழுகி நீர் கோத்திருந்தது. சிகிச்சைக்கு முன் எடுத்த முதல் ஸ்கேனில் கெட்டியான பகுதியில் மட்டும் வட்டம் போட்ட நான், இரண்டாவதில் அந்த நீரையும் சேர்த்துப் போட்டிருந்தேன். அதனால்தான் எண் ஏறியிருந்தது.

அந்தோணிராஜிடம் சொன்னதை ஒப்புக்கொண்டேன். “நான் போடுற வரைக்கும் பொறுத்திருக்கலாமே, சார்,” என்றார் வனஜா.

மறுநாள் ஈஜிபுரா போனேன். தொண்டை எரிச்சலில் கஞ்சிகூட இறங்கவில்லை, டாக்டரே அடங்கிவிட்டது என்ற பிறகு எதற்கு இந்த வேதனை என்று அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டதாக ஸ்டெல்லா சொன்னார். அவருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். வட்டத்தைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன், சிகிச்சையை நிறுத்தாதீர்கள் என்றேன். எதிர்முனையில் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அன்னிக்கும் இதே வாயாலதான சார் சொன்னீங்க?” என்றார். பக்கத்தில் யாருக்கோ ஒரு லாரி நம்பரைச் சொல்லிவிட்டு, “வரேன்.”

வந்தார். மீதியை முடித்தார். கட்டி அடங்கவில்லை, குரல்வளையை எடுத்தார்கள். இடைவெளி விழாமல் இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம் என்று வனஜா சொன்னார். இருக்கலாம். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது. காலையில் நடக்கப் போனாலும் பாதியில் திரும்பிவிடுகிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது அர்த்தம் தரும் எண், எதிரே நிற்கும் ஒருவருக்குப் பதிலாகிவிடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு, நான் இன்னும் வேலையில் இருந்தபோதே, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஸ்கேனுக்கு வந்த அந்தோணிராஜ், செயினையும் மோதிரத்தையும் கழற்றி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். போனைக் கொடுக்கும் முன் அதில் டைப் செய்து எனக்குக் காட்டினார். ‘இந்த வாட்டி வட்டம் கரெக்டா போடுங்க சார்.’

சந்தேகமான இடத்தில் வனஜாவை முதலில் வட்டம் போடச் சொன்னேன். பிறகு நான் போட்டேன். வெளியே வந்தபோது அந்தோணிராஜ் என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னும் தெரியல,” என்றேன்.