சின்னக்காவின் நெற்றியில் அக்கா இட்ட சிலுவை

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் பிறப்பு, ஞானஸ்நானம், இறப்பு ஆகிய தேதிகளைக் கோயில் பதிவோடு ஒப்பிட்டு முன்பக்கத்தில் தந்திருக்கிறேன். அக்கா தம் வயதில் ஒன்றைக் குறைத்தே சொல்லிவந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தேதிகளில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

சாரம் என்னும் ஊரில் பிறந்த மூன்று பெண்கள் நாங்கள். மூத்தவர் அக்கா, நடுவில் சின்னக்கா, கடைசி நான். அப்பா வைத்த ஒழுங்கு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. இரவு செபமாலை முடிந்ததும் வயது வரிசையில் பெரியவர்களிடம் போய் ஆசி கேட்டுத் தோத்திரம் சொல்ல வேண்டும். அவர்கள் எங்கள் நெற்றியில் சிலுவை இடுவார்கள். அன்று யாரோடாவது சண்டை போட்டிருந்தால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்குச் சிலுவை கிடையாது.

பள்ளி முடித்ததும் அக்கா தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். பிறகு பிரான்சில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் அமைந்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். அக்காவின் பெயரைச் சாமியார் பீடத்திலிருந்து உரக்கச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அதே மாப்பிள்ளையை மெரியில், அதாவது நகராட்சியில், பதிவுத் திருமணம் செய்துகொண்டு சின்னக்கா பாரீசுக்குப் போய்விட்டார். அப்பாவின் அடக்கத்துக்கும் வரவில்லை, அம்மாவின் அடக்கத்துக்கும் வரவில்லை.

அக்கா பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே கம்பெனியில் சூப்பர்வைசராகி, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். எனக்கு அரசு வேலை கிடைத்த பிறகும் இருவரும் ஒன்றாகவே இருந்தோம். அப்பா அம்மாவுக்குப் பின் சிலுவை இடுவது அக்காவின் பொறுப்பாயிற்று. தோத்திரம் சொல்ல நான் ஒருத்திதான். அத்தனை ஆண்டுகளும் நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன்: சின்னக்கா ஒருநாள் வருவார், அக்காவின் முன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்பார், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலத்தின் முதல் வாரத்தில் அவர் வந்தார். கணவர் இறந்துவிட்டிருந்தார். நாங்கள் செபமாலையில் இருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. பெட்டியோடு உள்ளே வந்தவர் அப்படியே பாயின் ஓரத்தில் முழங்காலிட்டுவிட்டார். செபம் முடிந்தது. சின்னக்கா வாயைத் திறந்தார்.

"அக்கா, நான் உனக்குப் பண்ணது..."

"தோத்திரம் சொல்லுடி மொதல்ல. மறந்துட்டியா?" என்றார் அக்கா.

சின்னக்கா தோத்திரம் சொன்னார். அக்கா அவர் நெற்றியில் சிலுவை இட்டார். எனக்குத் தினமும் இடுகிற சிலுவை அவசரச் சிலுவை, அடுப்பில் பால் இருப்பதுபோல. சின்னக்காவின் நெற்றியில் அக்காவின் விரல் எடுக்கப்படாமல் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கே சமையலறையில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிப்பு கேக்காதவளுக்கு எப்பிடிக்கா சிலுவ போட்ட? பாவசங்கீர்த்தனத்துல கூட வாயத் தொறந்து சொன்னாதான மன்னிப்பு?"

"அது சாமியாரு வேல. நான் அவளுக்கு அக்கா."

"அப்ப அவ பண்ணது?"

"பாப்பா, நீதான் தேதி தேதியா எழுதி வைக்கிறவ. பெரிய வெள்ளிக்கெழம வருசா வருசம் வருது. அதுக்காக ஆண்டவரு வருசா வருசம் புதுசா சாவுறாரா? ஒருக்காதான். அதோட முடிஞ்சிபோச்சி. அவளுக்கும் சேத்துதான் முடிஞ்சுது. நான் மறுபடி எதுக்கு ஆணியத் தேடணும்?"

மீட்பைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அக்கா சொன்னது சரிதான் என்று தெரிந்தது. கோபம் மட்டும் இருந்தது. "எனக்கு ஒருநாளாச்சும் இப்பிடி விரல் நின்னிருக்கா?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "நீ எங்க போன, திரும்பி வர்றதுக்கு? எரா உரிச்சி வை, அவளுக்குப் புடிக்கும்."

அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சின்னக்கா வந்தார். அவர் கொண்டுவரும் நாற்றமெடுத்த பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியை அக்கா ரசித்துத் தின்றார். நான் வைக்கும் மீன் குழம்பில் உப்புக் குறை என்றார். இருவரும் முன்னறையில் உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்கும். அந்தச் சிரிப்பை அக்காவிடம் நான் ஒருநாளும் வாங்கியதில்லை.

சிறுநீரகம் கெட்டு அக்கா படுக்கையில் விழுந்தபோது சின்னக்கா பாரீசிலிருந்து வந்து கூடவே தங்கினார். அந்தத் தவக்காலத்தில் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஒருமுறை பொறுக்க முடியாமல் அக்காவிடம் கேட்டேன். "இப்பயாச்சும் அவள மன்னிப்பு கேக்கச் சொல்லுக்கா. நான் காதால கேட்டாப் போதும்."

"உனக்கு அவ இன்னா பண்ணா?" என்றார் அக்கா. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய வாரம் அக்கா அமைதியாகப் பிரிந்தார். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் சின்னக்கா என் முன்னால் முழங்காலிட்டுவிட்டார்.

"அக்கா கடசி வரைக்கும் என்னக் கேக்கவே வுடல. நீயாச்சும் கேக்க வுடு பாப்பா."

நான் காத்திருந்த காட்சி அதுதான். ஆனால் மன்னிக்க வேண்டியவர் மன்னித்து முடித்துவிட்டிருந்தார். நான் கொடுப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

"எந்திரிக்கா. எல்லாம் அவ முடிச்சிட்டுப் போயிட்டா. காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்புடல" என்றேன்.

அக்காவுக்கு டயாலிசிஸ் செய்த மருத்துவமனைச் செவிலியருக்கும், நோயில் பூசுதல் கொடுக்க அழைத்தபோதெல்லாம் வந்த பங்குச் சாமியாருக்கும், அக்காவைக் குளிப்பாட்டிப் புடவை உடுத்திய சோப்புக் கம்பெனித் தோழிகளுக்கும், அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சின்னக்காவுக்கும் நன்றி. அவர் இனிப் பாரீசுக்குத் திரும்பப் போவதில்லை. கிணற்றடிப் பக்கம் சன்னல் உள்ள அக்காவின் அறை எனக்கு வரும் என்றே எப்போதும் நினைத்திருந்தேன். அதை அவருக்குக் கொடுக்கும்படி அக்கா சொல்லியிருந்தார். நானே பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது என் முகம் நன்றாக இல்லை என்று சின்னக்கா சொல்கிறார். இருக்கலாம்.