பெரியசாமியின் தாயத்து

வீடியோ ஞானம்மா என்றால் சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றி எல்லா ஊருக்கும் தெரியும். டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் வெளிநாட்டுப் படத்துக்கு மைக் பிடித்துத் தமிழில் கதை சொல்ல அவள் ஒருத்திதான். அந்த பாஷைகள் எதுவும் அவளுக்கும் தெரியாது. திரையில் வாய் அசையும், இவள் பேசுவாள். மாதா கோவிலில் பாடிப் பழகிய குரல் கொட்டகையின் கடைசி வரிசைவரை போகும்.

1991 ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், வடக்குப்பட்டுத் திருவிழா கமிட்டி இராமச்சந்திரன் அவளுடைய கீற்றுக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று யாரைப் படம் போட வைப்பது என்று பார்க்க வந்திருந்தார். வடக்குப்பட்டில் பேர் வாங்கிவிட்டால் மற்ற ஊர்களும் தானாக வரும். "ஜனம் பாதியில எழுந்து போச்சுன்னா நான் வேற ஆளப் பாப்பேன்மா," என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஜப்பான் வாள்சண்டைப் படம். கறுப்பு வெள்ளை, இரண்டு கேசட். ஞானம்மா ஏற்கெனவே பார்த்திருந்தது முதல் கேசட் மட்டும்.

குடுமி வைத்த நாயகனுக்குப் பெரியசாமி என்று பேர் வைத்தாள். அவன் வாள்பிடியில் ஒரு வெள்ளைக் கயிறு தொங்கியது. "இது அவங்கம்மா கட்டின தாயத்து. இது இருக்கிறவரைக்கும் பெரியசாமிய ஒருத்தனும் சாவடிக்க முடியாது," என்றாள். விசில் பறந்தது. விசில் ருசியில் ஒவ்வொரு சண்டைக்கும் தாயத்தைப் பேச்சில் இழுத்தாள்.

இரண்டாவது கேசட்டில் பெரியசாமி வரப்பில் நடந்து வந்தான். தூரத்து வைக்கோல்போருக்குப் பின்னால் புகை. டமார் என்று ஒரு சத்தம். பெரியசாமி சேற்றில் குப்புற விழுந்தான்.

ஞானம்மா மைக்கைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

முன்வரிசையில் இருந்த பூக்கார மீனம்மாள் எழுந்து நின்றாள். "இன்னாடி ஞானம், கத்திப் படத்துல துப்பாக்கி வருது? வேற படத்த மேல பதிஞ்சிட்டியா?"

"இல்லக்கா, அதே படந்தான்."

"அப்போ தாயத்து இன்னா ஆச்சு?"

"அதானே," என்றது மொத்தக் கொட்டகையும். பின்னாலிருந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். இராமச்சந்திரன் காலால் செருப்பைத் துழாவினார்.

ஞானம்மா மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். "அந்தம்மா தாயத்து கட்டினப்போ ஊர்ல கத்தியும் ஈட்டியுந்தான் இருந்துச்சு. கத்திக்குக் கட்டினாங்க. ஈட்டிக்குக் கட்டினாங்க. துப்பாக்கின்னு ஒண்ணு வரும்னு பெத்தவளுக்கு எப்பிடித் தெரியும்?"

கொட்டகை அடங்கியது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மீனம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வைக்கோல்போரைத் திட்டினாள். "பொறம்போக்கு. ஏரியில கொக்கு சுடற மாதிரி ஒளிஞ்சிக்கினு சுட்டுட்டானே."

படம் முடிந்ததும் இராமச்சந்திரன் வந்தார். "நீயே வந்துடும்மா. இதே படத்தப் போடு. ஆனா கூழ் ஊத்தற நாள்ல சாவு வேணாம்."

"படத்துல சாவுறாரேண்ணே."

"அது உன் பாடு."

ஆடியில் வடக்குப்பட்டே டிவி முன்னால் கூடியிருந்தது. மீனம்மாளும் வந்திருந்தாள். துப்பாக்கி வெடித்தது. பெரியசாமி விழுந்தான். நாலு பேர் அவனைப் பலகையில் வைத்துத் தூக்கினார்கள். இராமச்சந்திரன் ஞானம்மாவையே பார்த்தார்.

"உயிர் இருக்கு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போறாங்க," என்றாள் ஞானம்மா.

"வழியில ஒரு சோடா வாங்கிக் குடுங்கடா," என்றாள் மீனம்மாள்.

அடுத்த காட்சி சுடுகாடு. ஞானம்மா மைக்கை விடாமல், காலால் டிவி பிளக்கைத் தேடினாள்.