அடுத்தவர் குச்சியால் வைத்த துண்டு

லிப்ட் மெக்கானிக்கான என் நண்பனை வேலை இடத்தில் எல்லோரும் ‘சுத்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க கிரீஸிலும் தூசியிலும் புரள்கிறவனுக்கு இந்தப் பெயரா என்று கேட்கலாம். காரணம், அவன் அடுத்தவர் வாய் வைத்த எதையும் தொடமாட்டான். தன் சொந்த பாட்டிலைக்கூட அண்ணாந்துதான் குடிப்பான். ஒருமுறை லிப்ட் கூண்டின் கூரையில் நின்றபடி அப்படிக் குடித்து, கீழே இருந்த மேஸ்திரியின் தலையை நனைத்துவிட்டான். “மேல எந்த மாடிலடா மழை?” என்று அவர் கத்தினாராம்.

அம்மா போன பிறகு அவனுக்கு இருப்பது அக்கா ஒருத்திதான். அவள் தன்னோடு வேலை செய்த வியட்நாம்காரரைக் கட்டிக்கொண்டாள். இவனுக்கு அதில் வருத்தமில்லை. மாமா, மாமா என்று அவரோடு ஒட்டிக்கொண்டான். வம்பு வந்தது முதல் விருந்தில். அவர்கள் வீட்டில் ஒருவர்மேல் பிரியம் என்றால், நல்ல துண்டாகப் பார்த்து, தாங்கள் சாப்பிடும் குச்சியாலேயே எடுத்து அவர் கிண்ணத்தில் வைப்பார்கள். அக்காவின் மாமியார் அப்படி ஒரு மீன் துண்டை நீட்டியபோது, இவன் சட்டென்று கிண்ணத்தைக் கையால் மூடிவிட்டான். அன்றிலிருந்து அக்கா இவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் அவர்கள் எல்லோரும் வியட்நாமுக்கே குடிபோகிறார்கள். அதற்குள் ஒருநாள் போய் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று துடித்தான்.

“நீ அந்த வியட்நாம் ஓட்டல்ல வேலை பார்த்திருக்கியே. என்னைக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கிவிடுடா” என்றான்.

பள்ளியை முடித்ததிலிருந்து நான் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஒரு வியட்நாம் உணவகத்தின் சமையலறையில் இலை ஆய்ந்துகொண்டிருந்த சில வாரங்கள் இப்படிப் பயன்படும் என்று நினைக்கவே இல்லை.

அந்த உணவகத்துக்கே கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து நாற்காலியை மாற்றினான். மறுபடியும் கை கழுவப் போனான். ஆவி பறக்க நூடுல்ஸ் சூப்பும், தனித் தட்டில் துளசி மாதிரி இலைகளும் புதினாவும் முளைகட்டிய பயறும் வந்தன.

“பச்சையாவா? என்னை மேயச் சொல்றியா?”

“கிள்ளி சூப்புல போடு. அந்தச் சூட்டுலயே வதங்கிடும். எலுமிச்சை பிழி.”

மீன் சாஸை மோந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். “மழைக்கால சாக்ஸ்டா இது!”

“மூக்கை மூடிட்டு நாக்கைத் திற.”

ஒரு வாய் குடித்தான். கிண்ணத்தைத் தூக்கி அடிவரை குடித்துவிட்டு, “இத்தனை நாள் ஏன்டா சொல்லல?” என்று என்னையே திட்டினான்.

ஆனால் வந்த வேலை அதுவல்ல. இருவருக்கும் பொதுவாக, சுட்ட இறைச்சித் தட்டு வந்தது. நான் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, அதே குச்சியால் இன்னொன்றை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் வராமலே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வந்தான்.

“முடியலடா.”

“நான்தானே வெச்சேன்?”

“அதான். உன் வாயை எனக்கு நல்லாத் தெரியுமே.”

பிறகு என்ன தோன்றியதோ, தன் குச்சியை நன்றாகச் சப்பிவிட்டு, தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் கிண்ணத்தில் போட்டான். எனக்கு ஒரு கணம் கை போகவில்லை.

“பார்த்தியா? உனக்கும் அருவருப்பு வருதில்ல!” மேசையைத் தட்டிச் சிரித்தான்.

ரோஷத்தில் நான் வாயில் போட்டுக்கொண்டேன். அவனும் கண்ணை மூடித் தன் துண்டைப் போட்டுக்கொண்டான்.

“மாத்திரை மாதிரி முழுங்காதே, மெல்லு!”

மென்றான். மென்றுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டபடி வெளியே ஓடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நடப்பதும் திரும்புவதும் தெரிந்தன. இந்த முறையும் அவள் பேசாவிட்டால் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவன் முகத்தில் பாதி சிரிப்பு. “வரச் சொல்லிட்டா. அவ மாமியார் அன்னிலேர்ந்து வருத்தமா இருக்காங்களாம். எனக்கு மீன் பிடிக்காது, தெரியாம வெச்சுட்டோம்னு. அதனால இந்தத் தடவை கோழியாம்.”

“நல்லதாப் போச்சு.”

“என்ன நல்லது? மீனே செய்யச் சொல்லிட்டேன்.” உட்கார்ந்தவன் மறுபடி எழுந்தான். “ஆனா பாசம் அதிகமானா அவங்க கையாலயே முள் எடுத்து வெப்பாங்களாம். அக்கா இப்பதான் சொல்றா!”

நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ஒரு மீன் சொன்னேன். மண்சட்டியில் கொதித்தபடியே வந்தது. சூடு கொஞ்சம் ஆறியதும் விரலால் முள்ளை உருவி ஒரு துண்டை எடுத்தேன். சாறு என் கைவழியே ஒழுகியது. அவன் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

“வை” என்றான்.