அத்தைக்கு ஒரு வெள்ளைச் சேலை

1952 ஐப்பசி, அனுஷ நட்சத்திரம். காலை ஆறரைக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். ஐம்பது மைல், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். மடியில் ஒரு வெள்ளைச் சேலை. சுசீந்திரத்தில் இருக்கும் என் அப்பாவின் தங்கைக்கு அன்று அறுபது நிறைகிறது. அம்மா செத்தபின் என்னைத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தவள் அந்த அத்தைதான். வயிற்றில் கட்டி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கண் மூடுமுன் ஒரு நாளாவது கொண்டாடிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பனகுடி தாண்டியதும் மழை பிடித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது. அங்கேதான் அப்போது ராஜ்ய எல்லை. கடத்தல் அரிசி தேடிய காவலர்கள் என் பொட்டலத்தையும் பிரித்துப் போட்டார்கள். தோவாளைக்குப் போகிற பூக்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். சேலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"யாரு மரிச்சா, தம்பி?"

"யாரும் சாகல. எங்க அத்தைக்கு அறுபதாம் பொறந்தநாள்."

"மஞ்சள் தொடாத வெள்ளைத் துணி, அதும் பொறந்த வீட்டுல இருந்து. செத்தவளுக்குப் போடுக கோடியாக்கும் அது. வழியில மஞ்சள் வாங்கி ஓரத்துல தடவிக்கிடும்."

எனக்குச் சுருக்கென்றது. பெண்கள் இல்லாத எங்கள் வீட்டில் இதைச் சொல்ல யார் இருந்தார்கள்? நாகர்கோவில் வடசேரியில் இறங்கி மஞ்சள் வாங்கித் தடவிக்கொண்டு சுசீந்திரத்துக்கு வேறு பஸ் பிடித்தேன். மூன்றரை மைல் தூரமும் வயலெல்லாம் வெள்ளம்.

பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தை பாயோடு பாயாகக் கிடந்தாள். சேலையை வாங்கிய அவள் மருமகள், மஞ்சளைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"தாலி அறுத்தவளுக்கு மஞ்சளா, அண்ணாச்சி? ஊரு சிரிக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் சேலையைக் கிழித்தே போட்டிருப்பேன். தடவினாலும் குற்றம், தடவாவிட்டாலும் குற்றம் என்றால், உயிரோடு இருக்கிற விதவைக்கு எதைத்தான் கொடுப்பது?

அத்தை மருமகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, அவன் எனக்குள்ள கோடியத்தான் கொண்டாந்திருக்கான்னு வச்சுக்கோ. செத்தப் பொறவு உடுத்தினா நான் எப்பிடிப் பாப்பேன்? இப்பமே உடுத்தி விடு."

மருமகள் உடுத்திவிட்டாள். இடுப்பில் சேலை நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். பாயசம் ஒரு கரண்டி உள்ளே போனது. மறு கரண்டி வெளியே வந்துவிட்டது. ஆனாலும் முந்தானையை நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குப் புறப்பட எழுந்தேன். அப்பாவின் அறுபது ஞாபகம் வந்தது. அதற்கு எங்கள் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டோம், மேளம் வைத்தோம். அவரும் மனைவியை இழந்தவர்தான். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்து வரும்போ துணி ஒண்ணும் எடுக்காண்டாம், மக்கா. எனக்கு இதே போதும். உடுத்தின துணி கோடி ஆகாதுன்னு சொல்லுவாவ. சொன்னா சொல்லட்டும்."

மார்கழியில் தந்தி வந்தது. வெறுங்கையோடுதான் போனேன்.