ஹார்டு டிஸ்க் கேட்ட இனிஷியல்

காரைக்குடிக்கு வெளியே ஒரு கொட்டகையில் மரம் செதுக்கும் மெஷின் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மெஷின் அதைப் பலகையில் செதுக்கிவிடும். கம்ப்யூட்டர் பழசு. ஆனால் மெஷின் அதன் பேச்சை மட்டும்தான் கேட்கிறது, அதனால் மாற்றவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன், அர்த்தம் பாதிதான் வரும். மீதியை யாரிடமாவது கேட்கலாம், கூச்சம் விடாது.

போன மாதம் அமராவதிபுதூரிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். வீட்டு முன்கதவின் கீழ்ப்பலகையைக் கரையான் தின்றுவிட்டதாம். பேத்தி கல்யாணத்துக்குள் புதுசு வேண்டும். பழைய பலகையில் இரண்டு கிளிகள் இருந்தன என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

"எங்க சாந்தி கல்யாணத்தப்ப, அதான் அறுபதாங்கல்யாணம், அந்தக் கதவு முன்னாடிதான் நின்னு போட்டோ எடுத்தோம். அதைப் பாத்துச் செய்யிங்க தம்பி" என்று துண்டில் சுற்றிய ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கொடுத்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் போனது. மூன்று டிபி.

"பத்திரம். அவுக படம் வேற எங்கயும் கெடையாது." அவுக என்றது காலமான தன் கணவரை.

என்னிடம் ஒரு டப்பா உண்டு. ஹார்டு டிஸ்க்கை அதில் செருகி, வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் போதும். மாட்டினேன். டிஸ்க் உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்டது, திரையில் எதுவும் வரவில்லை. டிஸ்க்குகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். மூன்று டிபி என்றால் இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ஜிபி காட்ட வேண்டும், 746 என்று இருந்தது. கூடவே ஒரு சின்னப் பெட்டி முளைத்து ஏதோ கேட்டது. எழுத்துக்கூட்டினேன். இனிஷியல்... இனிஷியலைஸ்.

இனிஷியல் எனக்குத் தெரிந்த வார்த்தை. பேங்க் பாரத்தில், ரேஷன் கார்டில், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். புதிதாக ஓர் ஆள் தெருவுக்குள் வந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று நாமே விசாரிக்கிறோம், கம்ப்யூட்டரும் விசாரிக்கிறது என்று நினைத்தேன். கீழே தேர்ந்தெடுக்க இரண்டு இனிஷியலும் தயாராக இருந்தன. எம்.பி.ஆர்., ஜி.பி.டி. அதற்கும் கீழே ஓகே.

அடுத்த வீட்டு இனிஷியலைப் போட்டுவிட்டால் வம்பு. எனக்குப் போன் பேசுவதென்றாலே வியர்க்கும், ஆனாலும் ஆச்சியைக் கூப்பிட்டேன். இனிஷியலை அவர்கள் வீடுகளில் விலாசம் என்பார்கள்.

"ஆச்சி, உங்க விலாசம் என்ன?"

"எதுக்குத் தம்பி?"

"கம்ப்யூட்டரு கேக்குது. எம்.பி.ஆரா, ஜி.பி.டியா?"

"எம்.பி.ஆரா? அது யாரு? எங்க சாமானுக்கு எவுக விலாசத்தையோ போடுவீகளா? எங்களுக்கு நாலெழுத்துல்ல!"

"நாலெழுத்துக்கு எடமில்ல ஆச்சி. ரெண்டுல ஒண்ணைத் தொடச் சொல்லுது."

"ஒண்ணையும் தொடாதீக. எம் மகன் பேசுவான்."

இரண்டே நிமிடத்தில் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. வணக்கம்கூட இல்லை.

"அண்ணே, ஓகே அமுக்கிட்டீகளா?"

"விலாசம் தெரியாம எப்படித் தம்பி அமுக்குறது?"

அந்தப் பக்கம் பெருமூச்சு, பிறகு சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவருக்கு. "அது விலாசம் கேக்கல அண்ணே. இது வெறும் புது டிஸ்க்குனு நினைச்சு, முதல்ல இருந்து கோடு போட்டுத் தரவான்னு கேக்குது. அமுக்கியிருந்தா அம்மா உசிரா வச்சிருக்க எங்க அப்பச்சி படமெல்லாம் போயிருக்கும்."

மவுஸை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன்.

746 என்று காட்டுவதைச் சொன்னேன். "அந்த டப்பாவுக்கு ரெண்டு டிபிக்கு மேல எண்ணத் தெரியாது. ரெண்டைத் தள்ளிட்டு மிச்சத்தைக் காட்டுது" என்றார்.

"எனக்கு அஞ்சாவது வரைக்கும், அதுக்கு ரெண்டாவது வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் நானாக ஒரு கேலி சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. அவருக்கு மறுபடியும் இருமல்.

டப்பாவை விட்டுவிட்டு டிஸ்க்கை நேரே கம்ப்யூட்டருக்குள் மாட்டச் சொன்னார். பெட்டியைத் திறக்கிற வேலைக்கு எனக்கு இங்கிலீஷ் வேண்டாம், திருப்புளி போதும். கம்ப்யூட்டரை நிறுத்தி, பக்கத் தகட்டைக் கழற்றி, சிடி டிரைவுக்குப் போகும் இரண்டு வயர்களையும் உருவினேன். ஹார்டு டிஸ்க்கை ஒரு தேக்குத் துண்டின் மேல் வைத்து அவற்றை அதில் செருகினேன். மறுபடியும் போட்டபோது திரை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே அத்தனை படங்களும் இருந்தன.

மறுநாள் காலை ஆச்சியே வந்துவிட்டார். கணவர் மாலையோடு நிற்கிற முதல் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அப்புறம், "கதவை மறைச்சுக்கிட்டுல்ல நிக்கிறாக. அங்குட்டு நகரச் சொல்லுங்க தம்பி" என்றார்.

ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். எல்லாவற்றிலும் கணவரின் வேட்டிதான் அந்தப் பலகையை மறைத்தது. கடைசிக்கு முந்தின படத்தில் மட்டும், ஏதோ சொல்லிச் சிரித்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தார். கோணல் படம். முழங்காலுக்கு அருகே கிளிகள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு, ஒன்று இங்குட்டும் ஒன்று அங்குட்டும் பார்த்தன.

நான் உத்தேசமாக, மூக்கோடு மூக்கு வைத்து ஏற்கெனவே வரைந்திருந்த கிளிகளை அழிக்க மனசு வரவில்லை.

"கொஞ்சுற மாதிரியே போடலாமே ஆச்சி? கல்யாண வீடு" என்றேன்.

"வேண்டாம். அவுக பார்த்த மாதிரியே இருக்கட்டும்" என்றார் ஆச்சி. "கல்யாணமானா எப்பவும் கொஞ்சிக்கிட்டேவா இருக்கோம்?"